ஒரு தொட்டில், ஒரு ஸ்கொட்லாந்துக்காரன், ஒரு இங்கிலாந்துக்காரர்

மெல்பேர்ணில் யாரா ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பாருங்கோ. வெயிலுக்கு மினுங்குகிற கண்ணாடிக் கட்டிடங்களில் அரைவாசிக்கு முகம் கழுவிவிட்டவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவன், கடைசியில் என் பெயரெழுதின வான் வண்டிகளை இந்த நகரத்தில் ஓடவிட்டவன், வேறு எதற்குச் சொல்லுவான்? என் மனுசி மட்டும் இதைக் கேட்டால், "ஊர் யன்னலெல்லாம் துடைச்ச மனுசன், எங்கடை குசினி யன்னலை ஒருக்கா எட்டிப் பாத்திருப்பியளே?" என்பாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் படிக்கவில்லை.

போன மாதம் என் பழைய கட்டிடம் ஒன்றின் பக்கமாகப் போனேன். ஒரு பெடியன் நடைபாதையில் நின்று கையில் ஒரு சின்னப் பெட்டியைப் பிடித்திருக்கிறான். மேலே ஒரு ட்ரோன் பறந்து பறந்து கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிறது. அவன் இடைக்கிடை கோப்பி குடிக்கிறான். என்னோடு முந்தி வேலை செய்த பெடியள் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணை, இனி ஆரும் தொங்கப்போறதில்லை. உங்கடை வீரக் கதையளை எழுதி வையுங்கோ" என்றார்கள்.

வீரக் கதை என்னிடம் இல்லை. பயக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுவதென்றால் இரண்டு வெள்ளையரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தன் ஸ்கொட்லாந்துக்காரன். மற்றவர் இங்கிலாந்துக்காரர். அவன், அவர் என்று நான் பிரித்து எழுதுவதிலேயே உங்களுக்குக் கொஞ்சம் விளங்கும்.

நான் இங்கே வந்திறங்கினபோது வெள்ளைக்காரன் என்றால் ஒரே அச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அலுவலகங்களில் தரை துடைத்தேன், பிறகு உட்பக்கத்துக் கண்ணாடி துடைத்தேன், பிறகு வெளிப்பக்கம் போனால் சம்பளம் கூட என்றார்கள், போனேன். பயிற்சி, சான்றிதழ், பரீட்சை எல்லாம் நடந்தது. பரீட்சை எழுதத் தெரியாதவனுக்கு வாயால் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். பாஸ்.

வெளியே போகிறதென்றால் கூரையில் ஒரு இயந்திரம் இருக்கும். அதன் கை கட்டிடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையிலிருந்து கம்பி வடத்தில் ஒரு நீளப் பெட்டி தொங்கும். நாங்கள் அதைத் தொட்டில் என்போம். இரண்டு பேர் உள்ளே நிற்கலாம். மேலே ஏற ஒரு பொத்தான், கீழே இறங்க ஒரு பொத்தான். எங்கள் இடுப்புப் பட்டி தொட்டிலில்தான் கொழுவியிருக்கும். தொட்டில் போனால் நாங்களும் போனோம்.

அந்தத் தொட்டிலில் எனக்கு மேலாளாக வந்தவன் டங்கன். கிளாஸ்கோ ஊர்க்காரன். பனை மாதிரி உயரம், செம்பட்டைத் தாடி, வாயைத் திறந்தால் தூசணம். முதல் நாள் மரியாதைக்குக் கதை கொடுப்போம் என்று, "நீங்கள் இங்கிலாந்திலை எந்த இடம்?" என்று கேட்டுவிட்டேன். பின்னேரம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. வேலை முடிந்து பட்டியைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தான். அவன் இங்கிலீஷை நான் எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுத வேண்டும், வேறு தமிழ் அதற்குப் பொருந்தாது:

"டேய் குட்டியா, உன்னை ஆரும் சிங்களவன் எண்டால் என்ன செய்வாய்?"

"கோவம் வரும்."

"ஆ. இப்ப விளங்குதோ மடையா?"

விளங்கியது. அதற்குப் பிறகு அவனுக்கும் எனக்கும் பொருத்தம் பத்து. இங்கிலாந்து எந்த நாட்டோடு உதைபந்து விளையாடினாலும் அவன் மற்றப் பக்கம். ஏன் என்று நான் கேட்டதில்லை. இலங்கை விளையாடினால் எங்கள் வீட்டுக் கிரிக்கெட்டும் அப்படித்தான்.

அவன் வேலை பழக்கின விதத்தைச் சொல்ல வேண்டும். காலையில் தொட்டிலில் கால் வைக்கும் முன் கம்பியைக் கையுறை போட்டுத் தடவிக்கொண்டு போவான். ஒரு இழை முறிந்திருந்தாலும் கையுறையில் கொழுவும். பிறேக், கொழுக்கி, பட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, அதன் நிலைமையைச் சத்தமாகச் சொல்லுவான். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். என் பட்டியை மூச்சு முட்ட இழுத்து இறுக்கிவிட்டு, "இப்ப விழுந்தாலும் துண்டு துண்டாப் போகமாட்டாய், ஒரே பார்சலாப் போவாய்" என்பான். பழுதென்றால் பழுது, ஆபத்தென்றால் ஆபத்து. "எனக்கு ஒளிக்காதை, நான் உனக்கு ஒளிக்கமாட்டன்" என்பதுதான் அவன் சட்டம். கத்துவான், பிறகு தன் சாப்பாட்டில் பாதியைத் தருவான். எங்கள் முறையில் சொன்னால் அவன் மச்சான்.

மிஸ்டர் ஹார்வி சம்பந்தி. அவர் அந்தக் கட்டிடத்தின் மனேச்சர். மெலிந்த மனிதர், எந்த வெயிலிலும் கழுத்தில் ரை கட்டியிருப்பார், அவர் காலை நீங்கள் மிதித்தால் அவர் மன்னிப்புக் கேட்பார். சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒருத்தர், "கறி பரவாயில்லை, உப்புத்தான் ஒரு துளி குறைவாக்கும்" என்றால் என்ன அர்த்தம்? அந்த வீட்டில் இனிக் கை நனைக்கமாட்டார் என்று அர்த்தம். மிஸ்டர் ஹார்வி அந்த ரகம். "வடக்குப் பக்கம் சற்று மங்கலாக இருக்கிறதோ என்று யோசிக்கிறேன், மிஸ்டர் லிங்கம்" என்பார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பக்கம் முழுவதையும் திரும்பக் கழுவப் போவேன். டங்கன், "அந்தாள் யோசிக்கட்டும், யோசிச்சு முடிச்சாப் பிறகு சொல்லட்டும்" என்று வெளிக்கிட்டுவிடுவான்.

இன்னொன்று கவனித்திருந்தேன். கண்ணாடியில் ஒரு விரலடையாளம் இருந்தால் மிஸ்டர் ஹார்வி அரை நாள் புலம்புவார். அந்தக் கண்ணாடிகள் அவருக்குப் பெற்ற பிள்ளைகள். ஆனால் நிலக்கீழ்த் தளத்தில் குழாய் வெடித்து, கார்கள் சில்லு மூழ்க நின்ற அன்றைக்கு, வாசலில் எங்களைக் கண்டு, "கீழே கொஞ்சம் ஈரம். சிரமம் இல்லையென்றால் மற்ற வழியால் வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சின்னக் கரைச்சல் என்றால் நீளப் பேச்சு. பெரிய கரைச்சல் என்றால் பேச்சுச் சுருங்கிவிடும். இதை நான் டங்கனுக்குச் சொன்னேன். "விசர்க் கதை" என்றான்.

இனி அந்த நாளுக்கு வாறன்.

கோடை. காலையிலிருந்தே வடக்குக் காற்று, அடுப்புக்குள் ஊதினது போல. வடக்குக் காற்றென்றால் கட்டிடத்தின் தெற்குப் பக்கம் பாதுகாப்பு, ஒதுக்கு. அதனால் தெற்குப் பக்கம் இறங்கினோம். பின்னேரம் காற்று மாறும் என்று காலநிலையில் சொல்லியிருந்தார்கள். மெல்பேர்ண்காரருக்கு இது தெரியும். சேஞ்ச் என்பார்கள். வெக்கை ஒரு நொடியில் அறுந்து, தெற்கே கடற்பக்கத்திலிருந்து குளிர்காற்று வந்து அறையும். பின்னேரத்துக்கு முன் நாங்கள் ஏறிவிடுவோம் என்பது கணக்கு. கூரையில் றேடியோவோடு ஒருத்தர் நிற்க வேண்டும் என்பது விதி. மிஸ்டர் ஹார்வி ஆள் அனுப்பமாட்டார், தானே நிற்பார்.

மத்தியானம் திரும்பி அதிக நேரம் இல்லை. நாங்கள் கட்டிடத்தின் நடுவயிற்றில் நிற்கிறோம். றேடியோ பேசியது.

"கனவான்களே, கடற்பக்கத்து வானம் சற்றுச் சுவாரசியமாக இருக்கிறது."

டங்கன் என்னைப் பார்த்தான். "கேட்டியே? நாங்கள் ஊத்தை கழுவுறம், துரை வானம் பாக்கிறார்."

"டங்கன், ஏறுவம்" என்றேன். "இந்த வரிசையை முடிச்சிட்டு" என்றான்.

வரிசை முடியவில்லை. முதலில் சத்தம் இல்லாமல் போனது. வெக்கை நின்றது. பிறகு தொட்டில் சுவரை விட்டு விலகியது. ஊஞ்சலில் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற மாதிரி, எங்களை ஏதோ ஒன்று கட்டிடத்திலிருந்து மெதுவாக வெளியே எடுத்தது. காலுக்குக் கீழே வீதித் தண்டவாளத்தில் றாம் வண்டி தீப்பெட்டி அளவில் போகிறது. பிறகு விட்டது. கண்ணாடியில் போய் மோதினோம். என் பல்லோடு பல் அடித்தது. வாளி கவிழ்ந்து, கட்டியிருந்த கயிற்றில் தொங்கி ஆடியது. இரண்டாம் முறை எடுத்தபோது நான் "முருகா" என்று கத்தினேன், டங்கன் தன் பாஷையில் வேறொன்றைக் கத்தினான். மோதினவுடன் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கிற ரப்பர்ப் பிடிகளை இரண்டு பேரும் அடித்து ஒட்டினோம். எங்கள் கைப்பலத்தில்தான் தொட்டில் சுவரோடு நின்றது.

தொட்டில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சரிந்தால் மோட்டர் தானாக நின்றுவிடும். ஆனால் அதைத் திரும்ப இயக்க ஒரு திறப்பு, சின்னச் சாவி, டங்கனிடம் இருக்கிறது. திறப்பைத் திருப்பி, மேல் பொத்தானை அமத்தினால் ஏறலாம். அவன் ஒரு கையால் பிடியைப் பிடித்தபடி மற்றக் கையால் றேடியோவை எடுத்தான்.

"மேலை என்ன நிலைமை? கம்பி எப்பிடி?"

பிறகு மிஸ்டர் ஹார்வியின் குரல், சுப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நிற்கிற ஆளின் குரல் மாதிரி.

"எல்லாம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை."

"அப்ப நான் ஏத்திறன்."

"நானென்றால் சற்றுப் பொறுப்பேன். உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால்."

"ஏன்?"

"ஒரு சிறிய விடயம். பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

டங்கனின் முகம் தாடியை விடச் சிவந்தது. "என்ன சின்ன விசயம் தெரியுமே? அந்தாளின்ரை கண்ணாடி! ஏறேக்கை தொட்டில் கீறிப்போடும் எண்டு பயப்படுறான். எங்களை இங்கை காயப்போட்டிட்டுக் கண்ணாடியைப் பாக்கிறான்!" திறப்பைப் போட்டுத் திருப்பினான். விரல் பொத்தானுக்குப் போனது.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கீழே கொஞ்சம் ஈரம் என்று சொன்ன அதே குரல் அது. பேச்சுச் சுருங்கிவிட்டது. நான் பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் டங்கனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அமத்தாதை. அந்தாள் பொறு எண்டு சொன்னால் உயிர் போகுது எண்டு அர்த்தம்."

"விடு."

"விடமாட்டன்."

அப்போது டங்கன் ஒன்று செய்தான். அதுவரைக்கும் காற்றுக்குத்தான் பயந்திருந்தேன். அவன் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அத்தனை வருசத்தில் முதல் தரம். குரல் இறங்கி, தூசணம் ஒன்றும் இல்லாமல், "சிவலிங்கம், தயவு செய்து கையை எடுங்கோ" என்றான். மச்சான் மரியாதை பேசினால் அதை விடக் கெட்ட சகுனம் வேறு இல்லை. இவனுக்கு மூளை விறைத்துவிட்டது, இவன் அமத்தத்தான் போகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு கையை அவன் மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு அவன் பட்டியில் கொழுவியிருந்த றேடியோவைப் பறித்தேன். ஆபத்தா என்று கேட்டால் அந்த மனிதர் இல்லை என்பார். கம்பி அறுந்ததா என்று கேட்டால் பார்க்கிறேன் என்பார். சம்பந்தியிடம் கறி ருசியா என்று கேட்கக்கூடாது. இன்னும் கொஞ்சம் போடவோ என்று கேட்க வேண்டும்.

"மிஸ்டர் ஹார்வி, லிங்கம் பேசுறன். உங்கடை கண்ணாடியை உடைச்சு உள்ளுக்கு வரவோ?"

காற்று ஊளையிட்டது. மூன்றாம் முறையும் எங்களைப் பிடித்து இழுத்தது. டங்கனின் பிடி மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"அது மிகவும் நல்ல யோசனை, மிஸ்டர் லிங்கம்" என்றது றேடியோ. "உங்களுக்கு அதிக சிரமம் இல்லையென்றால். ஆட்களை ஏற்கெனவே அந்தத் தளத்துக்கு அனுப்பிவிட்டேன். வீதியையும் மறித்தாயிற்று. பொத்தானை மட்டும் தொடாமலிருந்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்."

டங்கனின் கை என் கைக்குள் தளர்ந்தது. விரலடையாளத்துக்கு அரை நாள் புலம்புகிற மனிதர் கண்ணாடியை உடை என்கிறார். அவனுக்கும் இப்போது விளங்கிவிட்டது. திறப்பைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டான். "நீ வச்சிரு. என்னட்டை வேண்டாம்" என்றான்.

உள்ளே ஆட்கள் ஓடி வருவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. மேசைகளைத் தள்ளினார்கள். கண்ணாடி முழுக்க அகல டேப்பைக் குறுக்கும் மறுக்கும் ஒட்டினார்கள். எவ்வளவு நேரம் எடுத்ததென்று என்னிடம் கேட்காதேங்கோ. ஒரு பெண் பிள்ளை உள்ளே மேசைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து வாயைப் பொத்தி அழுதாள். என்னைப் பார்த்து ஒருத்தி ஏன் அழுகிறாள் என்று நினைத்தபோதுதான் எனக்கு என் பிள்ளைகளின் முகம் வந்தது.

உள்ளே நின்றவர்கள் மூலையில் அடித்து டேப்போடு இழுக்க, கண்ணாடி உள்ளுக்குள் நொறுங்கி விழுந்தது. "போடா" என்று டங்கன் என்னைத் தூக்கி எறிந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கைந்து கைகள் என்னைப் பிடித்து, பட்டிக்குப் புதுக் கயிறு கொழுவி, பழையதைக் கழற்றி இழுத்தன. நான் தரையில் விழுந்து திரும்பிப் பார்க்கிறேன், தொட்டில் இல்லை. என் பாரமும் போய், பிடியும் கழன்று, காற்று அதை டங்கனோடு வெளியே கொண்டுபோய்விட்டது. வெறும் வானத்தில் அவன் தனியே நிற்கிறான். கத்தவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். அந்தக் கண்ணை இப்போதும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. பிறகு தொட்டில் திரும்பி வந்து மோதியது, எல்லோருமாகப் பாய்ந்து பிடித்து அவனையும் உள்ளே இழுத்துவிட்டோம்.

காற்று அடங்கினதும் கூரைக்குப் போனோம். போகாதே என்றார்கள், டங்கன் கேட்கவில்லை. இயந்திரத்தின் கை நுனியில் இருக்கிற கப்பியை விட்டு ஒரு பக்கத்துக் கம்பி வெளியே பாய்ந்து, இரும்புத் தகட்டின் கூரான விளிம்பில் உட்கார்ந்திருந்தது. இழைகள் முறிந்து பூ மாதிரி விரிந்து நின்றன. பொத்தானை அமத்தியிருந்தால் அந்தக் கம்பி அந்த விளிம்பில் அரம் போட்டது போல ஓடி அறுந்திருக்கும்.

மிஸ்டர் ஹார்வி பக்கத்தில் நின்றார். ரை தோளுக்குப் பின்னால் பறந்து கிடந்தது. டங்கன் அவருடைய முகத்துக்கு நேரே போனான்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னேனே."

"சின்ன விசயம் எண்டு சொன்னாய்! உன்ரை நாசமாப் போன மரியாதையாலை நாங்கள் செத்திருப்பம்!"

"ஏற்கெனவே பயந்திருப்பவர்களிடம் இன்னும் பயத்தைக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை, டங்கன். என் குரல் உடைந்தால் உங்கள் கை நடுங்கும் என்று நினைத்தேன்."

"என்ரை பயம் என்ரை. எனக்கு அது முழுசா வேணும். நீ ஆர் அதைப் பாதி பாதியாத் தர?"

மிஸ்டர் ஹார்வி றேடியோவைக் கீழே வைக்கப் போனார். வைக்க முடியவில்லை. விரல்கள் மடிந்தபடி இறுகிவிட்டன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். ஐஸ் மாதிரிக் குளிர். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கையைப் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு விசாரணை, பரிசோதனை, புதுக் கம்பி, கப்பிக்கு மேலே கம்பி பாயாமல் ஒரு தடுப்பு. டங்கனும் மிஸ்டர் ஹார்வியும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் திரும்ப இறங்கலாம் என்று உத்தரவு வந்தது.

காலை நேரம், தெளிந்த வானம். கூரையில் டங்கன் வழக்கம்போலக் கம்பியைத் தடவினான். பிறேக்கைச் சொன்னான், கொழுக்கியைச் சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன். என் பட்டியை இறுக்கினான். நான் தொட்டிலில் ஏறினேன். எனக்குப் பயமில்லையா என்றால், இருந்தது. ஆனால் பயத்தோடு ஏறித்தான் நான் முன்னுக்கு வந்தவன், அதை எவரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. டங்கன் விளிம்புக்கு வந்தான். ஒரு காலைத் தூக்கினான். திரும்ப வைத்தான். இன்னொரு தரம் தூக்கினான். அந்தப் பனை மாதிரி மனுசன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியிலிருந்து வியர்வை தாடிக்குள் இறங்கியது. "வா" என்று நான் சொல்லவில்லை. அவன் சட்டப்படி பார்த்தால், பயப்படுகிறாய் என்று நேரே சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

மிஸ்டர் ஹார்வி கூரையின் மற்றப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். டங்கனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு கட்டிட உச்சியில் கொடி ஒன்று ஈரத் துவாய் மாதிரி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் காற்று எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். "இன்றைக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன், கனவான்களே. மன்னிக்க வேண்டும்."

டங்கனும் அந்தக் கொடியைப் பார்த்தான். எனக்கு ஒளிக்காதே என்று ஊரெல்லாம் கத்தின மனுசன்.

"ஓம்" என்றான் டங்கன் கடைசியில். "கொஞ்சம் காத்துத்தான்."

பட்டியின் கொழுக்கியை அவன் விரல்களால் திறக்க முடியவில்லை. மிஸ்டர் ஹார்வி கிட்டப் போய், வானத்தைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டே அதைத் திறந்துவிட்டார். என்னையும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரியான காத்து" என்றேன். தொட்டிலை விட்டு இறங்கினேன்.